தயாரிப்பாளர்: மற்றவை

என்னிடம் ஒரு பந்து இருக்கிறது.
நூறு மில்லிமீட்டர் விட்டம், மரப்பிடி.
வீட்டில் கட்டிய கார்களின் மேல் அதை உருட்டுவேன்.
பந்து தொடும் இடத்தில் கூர்முனை இருந்தால்
தேறவில்லை என்று எழுதுவேன்.
இதற்குச் சம்பளம்.

ஷ்ரூஸ்பரி சோதனைக் கூடத்தில்
மூன்றாம் தடம் என்னுடையது.
சேர்ந்த புதிதில் செவ்வாயும் வியாழனும்
கேட் வரைக்கும் வரிசை நிற்கும்.
பிளாஸ்க்கில் தேநீர், நகக்கண்ணில் கிரீஸ்,
சட்டைப் பையில் எட்டாக மடித்த ரசீதுகள்.
உள்ளதைச் சொன்னால் எனக்கு அவர்களைப் பிடிக்காது.
ஒருவர் ஸ்டியரிங் தண்டைத்
தோட்டக் கதவின் கீலோடு பற்றவைத்திருந்தார்.
இது போதும் என்று வாதாடினார்,
அரை மணி நேரம்.

இந்த வருஷ நாட்குறிப்பில் நான்கு பெயர்கள்.
இரண்டு பேர் வரவே இல்லை.
பந்து, வேன் சாவிகளுக்கு அடியில் கிடந்தது.

பிப்ரவரியில் மௌரீன் பிக்காவன்ஸ்
டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
பச்சை. கதவு கிடையாது.
எஞ்சின் ஒரு பழைய மஸ்டாவினுடையது.
உடம்பு கண்ணாடியிழை;
அதை விற்ற கம்பெனி இரண்டு தடவை கை மாறி
மூன்றாம் தடவை மூடிக்கொண்டது.
பதினோரு வருஷம், என்றார்.
ஐந்தாம் வருஷம் கணவர் கிளம்பிவிட்டாராம்.
"கராஜை எனக்கு விட்டார்,
நல்ல ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டார்."

பந்தை உருட்டினேன்.
பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு நட்டு.
டேஷ்போர்டின் கீழே ஒரு விளிம்பு.
வேகமானி உள்ளதைவிடக் குறைத்துச் சொன்னது.
கூட்டிப் பொய் சொல்லலாம்,
குறைத்துச் சொல்லக் கூடாது,
சட்டம் அப்படி.
பதினேழு பிழைகள். தாளை நீட்டினேன்.
மளிகைப் பட்டியல் போல வாங்கி மடித்தார்.

ஏப்ரலில் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.
நட்டுக்கு நட்டு கறுப்பு பிளாஸ்டிக் குல்லா.
விளிம்பெல்லாம் நீளவாக்கில் கீறிய பெட்ரோல் குழாய்.
தேறியதும் இதையெல்லாம் பிடுங்கி எறிவது
இந்தக் கூட்டத்தின் சம்பிரதாயம்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.
பந்து உருண்டது. எங்கும் சிக்கவில்லை.

அப்புறம் காகிதங்கள்.
கியர்பெட்டிக்கு ரசீது இல்லை.
லட்லோ பக்கம் ஒரு பண்ணையில் வாங்கியது,
நாற்பது பவுண்டுக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கும்.
அப்படியானால் எண்பலகை கியூவில்தான் தொடங்கும் என்றேன்,
வயது தெரியாத வண்டிக்கான எழுத்து.
இந்த இடத்தில் ஆண்கள் கத்துவார்கள்.
அவர், "என் பாஸ்போர்ட்டிலும்
அப்படியே மாற்றித் தருவார்களா?" என்றார்.

கணினியில் தயாரிப்பாளர் என்று ஒரு கட்டம்.
படிவத்தில் அதற்கு நேரே
பேனா காகிதத்தைக் கிழிக்கும் அழுத்தத்தில்
தன் பெயரை எழுதியிருந்தார்.
பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன்.
பியூஜோ முடிந்ததும் போர்ஷே வந்தது.
நடுவில் அவர் இல்லை.
'மற்றவை'யை அமுக்கினேன்.
பிறகு குறிப்புகளில், யாரும் படிக்காத இடத்தில்,
முழுப் பெயரையும் அடித்தேன்.
ஓர் எழுத்து தவறியது. அழித்துத் திருத்தினேன்.

செப்டம்பரோடு இங்கே இந்தச் சோதனை நிற்கிறது.
சுற்றறிக்கை என் மேசையில்தான் இருந்தது,
கவிழ்த்து வைத்திருந்தேன்.
இனி வேண்டுமென்றால் தொண்ணூறு மைல் போக வேண்டும்.
அடுத்த கார் கட்டுவீர்களா, என்று மட்டும் கேட்டேன்.
"முதலில் இது வீடு போய்ச் சேரட்டும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
வண்டிக்குக் கூரை கிடையாது,
படிவத்தில் கூரைக்குக் கட்டமும் கிடையாது.
மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு,
ஒரு ஈ காக்கை இல்லாத சாலையில்
இடப்பக்க விளக்கைச் சிமிட்டித் திரும்பினார்.

மாலையில் கேட்டைப் பூட்டும்போது
தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
கறுப்புக் குல்லா ஒன்று கிடந்தது.
வேன்காரர்களுடையதாகவும் இருக்கலாம்.